பாதியாக்கினால் எது பாதியாகும்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளின் இரண்டு பாடங்களைப் பற்றியவை. ஒன்று கணக்கில் வரும் பின்னம், மற்றொன்று அறிவியலில் வரும் பருப்பொருளின் பண்புகள். இரண்டையும் தனித்தனி இதழ்களுக்குப் பிரிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடிதங்களைப் படிக்கப் படிக்க, ஒரு பாடத்தில் எழும் ஐயத்துக்கு மற்றப் பாடத்தில் விடை இருப்பது தெரிந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. 1/4 பெரியதா, 1/8 பெரியதா என்று கேட்டால் பாதி வகுப்பு 1/8 என்கிறது. விளக்கினால் தலையசைக்கிறார்கள், அடுத்த வாரம் மீண்டும் அதே விடை. எங்கே தவறுகிறேன்?

நீங்கள் தவறவில்லை, பிள்ளைகளும் கவனக்குறைவாக இல்லை. மூன்று, நான்கு ஆண்டுகளாக 8 என்றால் 4-ஐ விடப் பெரியது என்று அவர்களுக்குக் கற்பித்து, அதைச் சரியாகச் சொன்னபோதெல்லாம் பாராட்டியும் இருக்கிறோம். இப்போது அதே எண் கோட்டுக்குக் கீழே போனதும் பொருள் தலைகீழாகிறது. பழைய அறிவு அத்தனை எளிதில் இடம் விட்டுக் கொடுக்காது. வாய்விளக்கம் ஒரு வாரத்துக்குமேல் நிற்காததன் காரணம் இதுதான்.

வகுப்பில் பின்னத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதை முதலில் கவனியுங்கள். ‘ஒன்று பை எட்டு’ என்று வாசிக்கும்போது பிள்ளையின் காதில் விழுவது இரண்டு எண்கள் மட்டுமே. ‘எட்டில் ஒரு பங்கு’ என்று வாசித்தால், எட்டாகப் பிரித்தது முதலிலும் அதில் ஒன்றை எடுத்தது பிறகும் வருகின்றன. செயல் நடந்த வரிசையிலேயே சொல்லும் நடக்கிறது. தமிழ் நமக்குத் தந்திருக்கும் இந்த வசதியை நாம் ஏன் கைவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு. அதைவிட அழகானது ‘அரைக்கால்’ என்ற சொல். 1/8-க்குத் தமிழில் அதுதான் பெயர். காலில் அரை என்று பொருள். அரைக்கால் பெரியதா, கால் பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 1/16-க்கு மாகாணி என்று பெயர். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று வரிசையாகச் சொன்னாலே ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி என்பது பிடிபட்டுவிடும்.

அடுத்து, காகிதப் பட்டை. ஒவ்வொருவருக்கும் 24 செ.மீ. நீளமுள்ள பட்டைகள் சிலவற்றைக் கொடுங்கள். 24-ஐத் தேர்ந்ததற்குக் காரணம், அதை 2, 3, 4, 6, 8, 12 ஆகிய எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதே. அரைப் பட்டை 12 செ.மீ., கால் 6 செ.மீ., அரைக்கால் 3 செ.மீ. என்று பிள்ளைகளே மடித்து அளந்து எழுதட்டும். மடிப்பதற்கு முன் ‘இன்னொரு முறை மடித்தால் பங்கு கூடுமா, பங்கின் நீளம் கூடுமா?’ என்று கேட்டு, விடையைச் சொல்லவைத்த பிறகே மடிக்கச் சொல்லுங்கள். தான் சொன்னதற்கு மாறாகத் தன் கையிலேயே ஒன்று நடந்தால் பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. ஒரு பட்டையின் காலையும் அதைவிட நான்கு மடங்கு நீளமான மற்றொரு பட்டையின் அரைக்காலையும் ஒருநாள் ஒப்பிட்டுக் காட்டுங்கள். அப்போது அரைக்கால்தான் நீளமாக இருக்கும். ‘எதில் கால்? எதில் அரைக்கால்?’ என்ற கேள்வி வகுப்பில் தானாக எழும். அந்தக் கேள்வி எழாத வகுப்பில் பின்னப் பாடம் முடிந்துவிட்டதாக நான் கருதமாட்டேன்.

கேள்வி: என் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினாள். ஆசிரியர் தவறு என்று குறியிட்டார். அவளோ, ‘ஒரு பெட்டியில் இரண்டு மணிகள், அதில் ஒன்று சிவப்பு, இன்னொன்றில் மூன்று மணிகள், அதில் ஒன்று சிவப்பு, சேர்த்தால் ஐந்தில் இரண்டு சிவப்புதானே?’ என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் மணிகளைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டினால் ஐந்து மணிகளில் இரண்டு சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவள் செய்த செயலுக்குப் பெயர் கூட்டல் அன்று, கலத்தல். முதல் பெட்டியில் முழுமை என்பது 2 மணிகள், இரண்டாவதில் 3 மணிகள், கலந்த பிறகு 5 மணிகள். மூன்று இடத்திலும் ‘முழுமை’ மாறிக்கொண்டே போகிறது. 1/2 + 1/3 என்று எழுதும்போது கணக்கு கேட்பதோ, ஒரே முழுமையின் அரையையும் அதே முழுமையின் மூன்றில் ஒரு பங்கையும் அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு வரும் என்பதை.

அதே 24 செ.மீ. பட்டையை எடுங்கள். அரை என்பது 12 செ.மீ., மூன்றில் ஒன்று 8 செ.மீ., ஒட்டி வைத்தால் 20 செ.மீ. முழுப் பட்டையில் இது 20/24, அதாவது 5/6. இப்போது 2/5 என்ற விடையை அவளே சோதிக்கட்டும். 2/5 அரையை விடச் சிறியது. அரையுடன் இன்னொன்றைச் சேர்த்த பிறகு அரைக்கும் குறைவாகக் கிடைக்குமா? விடை சரியா என்பதை ஆசிரியரின் சிவப்பு மையை எதிர்பாராமல் தானே கண்டுகொள்ளும் இந்தப் பழக்கம், மீச்சிறு பொது மடங்கு காணும் திறமையைவிட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டும் பிள்ளைகளில் பலர் விதியை மறந்தவர்கள் அல்லர். உங்கள் மகளைப் போல வேறொரு நியாயத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள். குறியிடும் முன் ‘எப்படி வந்தது?’ என்று ஒரு சொல் கேட்க ஆசிரியர்களை வேண்டுகிறேன்.

பின்னங்களைக் கூட்டுவதும் எழுதுவதும் பெரியவர்களுக்கே எளிதாக இருந்ததில்லை என்பதையும் அவளுக்குச் சொல்லலாம். கி.மு. 1550-ஐ ஒட்டிய காலத்தில் எழுதப்பட்ட எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் என்னும் கணக்குச் சுவடியில், 2/5 என்பதை 1/3 + 1/15 என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். 2/3 போன்ற ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, தொகுதியில் 1 உள்ள பின்னங்களை மட்டுமே அவர்கள் பயன்படுத்தினார்கள். 1/3-க்கும் 1/15-க்கும் பொதுவான பகுதி கண்டு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 6/15 வரும், அது 2/5-தான்.

கேள்வி: அகன்ற கிண்ணத்தில் இருந்த நீரை உயரமான குவளையில் ஊற்றினால், என் ஆறு வயது மகன் ‘நீர் கூடிவிட்டது’ என்கிறான். திருப்பி ஊற்றிக் காட்டினாலும் ஏற்க மறுக்கிறான். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) இதே சோதனையைப் பல பிள்ளைகளிடம் செய்து பார்த்து, வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற தெளிவு பெரும்பாலும் ஏழு, எட்டு வயதை ஒட்டித்தான் வருகிறது என்று எழுதினார். பொருளின் அளவு மாறவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளை, எடையும் மாறவில்லை என்பதை இன்னும் சில ஆண்டுகள் கழித்தே ஒப்புக்கொள்ளும் என்பதும் அவர் கண்டதே. வயதுகள் பிள்ளைக்குப் பிள்ளை முன்பின்னாக இருக்கும். ஊற்றும் வேலையை அவன் கையிலேயே விடுங்கள்; ஊற்றுவதற்கு முன் நீர் எந்த உயரம் வரை வரும் என்று கேளுங்கள்; திருத்த வேண்டாம்.

இதே தடை பின்னத்திலும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 12 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரக் காகிதங்களில் ஒன்றை நேராகவும் மற்றொன்றை மூலைக்கு மூலையாகவும் பாதியாக வெட்டி, செவ்வகத் துண்டையும் முக்கோணத் துண்டையும் காட்டி எது பெரியது என்று மூன்றாம் வகுப்பில் கேட்டால், முக்கோணம் என்பாரும் செவ்வகம் என்பாரும் இருப்பார்கள். இரண்டின் பரப்பும் 72 சதுர செ.மீ. ஒவ்வொன்றும் ஒரே அளவுள்ள சதுரத்தில் சரிபாதி என்பதால் வடிவம் வேறானாலும் அளவு ஒன்றே என்ற நியாயம் குவளை நீருக்கும் இந்தக் காகிதத்துக்கும் பொது. முக்கோணத்தை வெட்டிச் செவ்வகத்தின் மேல் பொருத்திப் பார்க்க ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் போகட்டும்.

கேள்வி: அரை லிட்டர் கூழாங்கற்களையும் அரை லிட்டர் மணலையும் கலந்தோம், ஒரு லிட்டர் வரவில்லை. ‘அப்படியானால் 1/2 + 1/2 = 1 பொய்யா?’ என்று ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நான் திகைத்து நின்றேன்.

இவ்வளவு நல்ல கேள்வி எழுந்த வகுப்பின் ஆசிரியர் திகைப்பதில் வெட்கமில்லை. கணக்கு பொய்யாகவில்லை, கணக்கு எதன்மேல் நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூழாங்கற்கள் அடைத்துக்கொண்டதாகத் தோன்றிய அரை லிட்டரில் கற்களும் இருந்தன, கற்களுக்கிடையே காற்றும் இருந்தது. மணல் அந்தக் காற்று இருந்த இடைவெளிகளில் புகுந்துகொண்டது. ஆகவே பாத்திரத்தில் தெரிந்த கன அளவுகளைக் கூட்டியபோது இடைவெளியையும் பொருளென்று எண்ணிக் கூட்டிவிட்டோம்.

அடுத்த வகுப்பில் இதைத் தராசுடன் செய்யுங்கள். கற்களைத் தனியே, மணலைத் தனியே, கலவையைத் தனியே எடைபோட்டால், முதல் இரண்டின் கூடுதல் மூன்றாவதற்குச் சரியாக இருக்கும். கலக்கும்போது நிறை கூட்டலுக்குக் கட்டுப்படுகிறது. கன அளவு எப்போதும் கட்டுப்படுவதில்லை. கண்ணுக்கு இடைவெளி தெரியாத திரவங்களிலும் இது நடக்கும். 50 மி.லி. நீரையும் 50 மி.லி. எத்தில் ஆல்கஹாலையும் கலந்தால் 100 மி.லி. கிடைக்காது, ஏறத்தாழ 96 அல்லது 97 மி.லி.தான் கிடைக்கும். இருவகை மூலக்கூறுகளும் தனித்திருந்ததைவிடக் கலந்தபின் நெருங்கி அமைவதே காரணம். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் இதைத் தொடக்க வகுப்பில் செய்துகாட்ட வேண்டாம், சொன்னால் போதும். உப்பை நீரில் கரைத்து, கரைப்பதற்கு முன்னும் பின்னும் எடைபார்ப்பது எல்லாரும் செய்யக்கூடியது. உப்பு கண்ணுக்கு மறைந்துவிட்டது, தராசுக்கு மறையவில்லை. ‘உப்பு உருகிவிட்டது’ என்று பிள்ளைகள் சொன்னால் ‘கரைந்தது’ என்று திருத்துங்கள். உருகுதலுக்கு ஒரு பொருளும் வெப்பமும் போதும். கரைதலுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்.

கேள்வி: மணல் ஊற்றினால் ஓடுகிறது, பாத்திரத்தின் வடிவத்தையும் எடுக்கிறது. அது ஏன் திரவம் இல்லை?

ஒரு மணலை மட்டும் எடுத்துப் பாருங்கள். அது தன் வடிவத்தை விடவில்லை. குவித்தால் மணல் குவியலாக நிற்கிறது, நீர் நிற்பதில்லை. எதிர்ப்பக்கத்தில், கல்போல் தோன்றி மெல்ல ஒழுகும் பொருள்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தாமஸ் பார்னெல் ஒரு புனலில் கருங்கீலை நிரப்பினார். 1930-இல் புனலின் அடி திறக்கப்பட்டது. சுத்தியால் அடித்தால் சில்லுகளாக உடையும் அந்தப் பொருளின் ஒன்பதாவது சொட்டு 2014-இல்தான் பிரிந்தது. திண்மம், திரவம், வாயு என்ற பிரிவு நமக்கு உதவும் பிரிவு. எல்லாப் பொருளும் அதற்குள் சண்டையின்றி அடங்கிவிடும் என்று பிள்ளைகளுக்கு உறுதி கூறாதீர்கள்.

கேள்வி: காற்றுக்கு எடை உண்டு என்பதை நிறுவ, தராசின் இருபுறமும் பலூன் கட்டி ஒன்றை மட்டும் ஊதிக் காட்டுகிறோம். இது சரியான சோதனையா?

நெடுங்காலமாக வகுப்புகளில் நடந்துவரும் சோதனை இது. ஆனாலும் எனக்கு இதில் நிறைவில்லை. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். ஐந்து லிட்டர் பலூனுக்குள் குறைந்தது 6 கிராம் காற்று இருக்கிறது. ஆனால் அந்தப் பலூன் வெளியிலும் ஐந்து லிட்டர் காற்றை விலக்கிக்கொண்டுதான் நிற்கிறது. விலக்கப்பட்ட காற்றின் எடைக்குச் சமமான விசை பலூனை மேலே தள்ளுகிறது. எனவே தராசு காட்டுவது, பலூனின் இறுக்கத்தால் உள்ளே சற்றுக் கூடுதலாக அடைபட்ட காற்றின் எடையை மட்டுமே. 6 கிராமில் அது மிகச் சிறிய பங்கு. பல வகுப்புகளில் தராசு அசையாமலே இருப்பதும், ஆசிரியர் விரலால் சற்று உதவுவதும் இதனால்தான்.

வடிவம் மாறாத தோல் பந்து இதற்கு ஏற்றது. பந்து உருண்டையாக நிற்கும் அளவுக்குக் காற்றடித்து, ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் எடைபாருங்கள். பிறகு நன்றாக இறுகும் வரை காற்றடித்து மீண்டும் பாருங்கள். பந்து பெரிதாகவில்லை, ஆகவே மேல்நோக்கித் தள்ளும் விசையும் மாறவில்லை. கூடிய கிராம்கள் எல்லாம் உள்ளே கூடிய காற்றுக்கே உரியவை.

கேள்வி: நீர் உறைந்தால் 1/11 பங்கு கூடும் என்று ஒரு நூலிலும், பனிக்கட்டி உருகினால் 1/12 பங்கு குறையும் என்று மற்றொரு நூலிலும் படித்தேன். எது அச்சுப்பிழை?

இரண்டும் சரி. இந்தக் கேள்விக்காகவே இரு பாடங்களையும் ஒரே இதழில் சேர்த்தேன் என்றுகூடச் சொல்வேன்.

11 பங்கு நீர் உறைந்தால் ஏறத்தாழ 12 பங்கு பனிக்கட்டி ஆகிறது. கூடியது ஒரு பங்கு. கூடுவதற்கு முன் நம்மிடம் இருந்த முழுமை 11 என்பதால் கூடுதல் 1/11. திரும்ப உருகும்போது அதே ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் இப்போது நம் கையில் இருக்கும் முழுமை 12, ஆகவே குறைவு 1/12. மாறிய அளவு ஒன்றே, ‘எதில் பங்கு?’ என்பது மட்டும் வேறு. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, மூடாத பிளாஸ்டிக் குவளையில் 11 செ.மீ. உயரம் நீர் ஊற்றி உறையவைத்தால், கிட்டத்தட்ட 12 செ.மீ. வரை ஏறியிருப்பதைக் காணலாம். நடுவில் சிறிது புடைத்திருக்கும். கண்ணாடிக் குவளை வேண்டாம், விரிவடையும் பனிக்கட்டி அதை உடைத்துவிடும். நிறை மட்டும் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கும்.

அதே நிறை கூடுதல் இடத்தில் பரவியதால் பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 11/12 பங்காகிறது. அதனால்தான் மிதக்கும் பனிக்கட்டியின் 12 பங்கில் 11 பங்கு நன்னீருக்குள்ளும் ஒரே ஒரு பங்கு வெளியிலும் இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி சற்று அதிகம் என்பதால் பனிப்பாறைகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே தெரியும். குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயருமா என்று கேட்டு, விடையைப் பிள்ளைகளே ஊகித்து எழுதிய பிறகு காத்திருந்து பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு, உருகும்போது குறையும் பன்னிரண்டில் ஒரு பங்கேதான். மட்டம் அப்படியே நிற்கும்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். ஒரு பொருளைப் பாதியாக, அந்தப் பாதியைப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் முடிவு உண்டா?

கண்ணே, முதலில் ஒரு வெட்டைப் பார்ப்போம். ஓர் இரும்புத் துண்டைச் சரிபாதியாக வெட்டினால் நிறை பாதியாகும், கன அளவு பாதியாகும். நிறம் பாதியாகுமா? காந்தம் அதை இழுப்பது நின்றுவிடுமா? பாதித் துண்டு பாதி வெப்பநிலையில் உருகிவிடுமா? இல்லை. நிறையும் கன அளவும் சேர்ந்தே பாதியாவதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் அடர்த்தியும் மாறாது. ‘கனமானது மூழ்கும்’ என்று உன் நண்பர்கள் சொன்னால் இதை நினைத்துக்கொள். பெரிய மரத்தடி மிதக்கிறது, அதிலிருந்து சீவிய சிறு சிராயும் மிதக்கிறது. இரும்புக் கம்பம் மூழ்குகிறது, குண்டூசியையும் நீருக்குள் அழுத்திவிட்டால் மூழ்குகிறது. எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் பண்புகள் வெட்டினால் குறையும். என்ன பொருள் என்று சொல்லும் பண்புகள் குறையா. ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, உனக்குத் தெரிந்த பண்புகளை எல்லாம் பிரித்து எழுதிப் பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எண்களில் முடிவு இல்லை. 1/2, 1/4, 1/8, 1/16 என்று எவ்வளவு தூரம் போனாலும் அடுத்த பாதி காத்துக்கொண்டிருக்கும். கையால் வெட்டுவதற்கு முடிவு விரைவில் வந்துவிடும். ஒரு மீட்டர் காகிதப் பட்டையைப் பத்து முறை பாதியாக்கினால் கிடைப்பது 1/1024 மீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குமேல் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை.

பொருளுக்கும் முடிவு உண்டு. அது நாம் நினைப்பதைவிட மிக அருகில் இருக்கிறது. ஒரு கிராம் நீரைப் பாதி, பாதியில் பாதி என்று பிரிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 75-ஆவது முறையில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு மிஞ்சும். ஒரு கிராம் இரும்பில் ஏறத்தாழ 73 முறையில் ஒரே ஓர் அணு மிஞ்சும். கடைசியில் மிஞ்சிய அந்த ஒற்றை நீர் மூலக்கூற்றைத் திண்மம் என்றும் சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது. உருகுவதும் கொதிப்பதும் எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்து இருக்கும்போது நடப்பவை. அதையும் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும், நீர் இருக்காது.

75 முறை என்பதை நம்பச் சிரமமாக இருந்தால், ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், 75-ஆவது வரியில் எத்தனை இலக்கம் கொண்ட எண் வருகிறது என்று எண்ணி எனக்கு எழுது.